கடல் வேலி அல்ல

“எங்க போகப்போகுது? சுத்திவரக் கடல். பசிச்சா வரும்.” யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஒரு வீட்டு நாயைக் காணவில்லை என்றால், மதவடியில் இருக்கிற பெடியனிலிருந்து கோயிலடிப் பெரியவர் வரை இதைத்தான் சொல்கிறார்கள். பூனை என்றால் இன்னும் சுருக்கம்: “பூனை வீடு மறக்காது.” அதோடு பேச்சு முடிந்தது. தேடப் புறப்பட்டவரும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஆறுதல் வார்த்தையாக வழங்கும் இந்தக் கருத்து தவறானது, ஆபத்தானதும்கூட. உயிரோடு மீட்கக்கூடிய பிராணிகள் மீட்கப்படாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைக்க வேண்டும். தீவுகள் சிறியவை. நயினாதீவை ஒரு காலைப் பொழுதில் நடந்தே சுற்றிவிடலாம். தூரத்தில் தனித்துக் கிடக்கும் நெடுந்தீவே ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர்தான். இங்கே ஒரு நாயைக் கண்டால் இன்னார் வீட்டு நாய் என்று சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் நாய்கள் சங்கிலியில் வளர்ந்தவையும் அல்ல. பகலெல்லாம் ஒழுங்கைகளில் திரிந்துவிட்டு இருட்டியதும் விறாந்தையில் வந்து படுப்பவை. இரண்டு நாள் காணாமல் இருந்து மூன்றாம் நாள் சேறும் சகதியுமாக வந்து நின்ற நாயின் கதை எல்லா வீட்டிலும் உண்டு. வெளிநாட்டு ஆய்விலும் இதற்கு ஆதரவு இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் விசாரித்து 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, காணாமற்போய்த் திரும்பக் கிடைத்த பூனைகளில் 59 சதவீதம் தாமாகவே வீடு வந்தவை. ஆகவே பதறாதே, பொறு, சோற்றுக் கோப்பையை வெளியில் வை என்கிறார்கள்.

இதற்கு என் மறுப்புகள் இவை.

1. எந்தத் தீவைச் சொல்கிறீர்கள்? மண்டைதீவும் வேலணையும் பண்ணை வீதியால் யாழ்ப்பாண நகரோடு இணைந்துவிட்டன. புங்குடுதீவை வாணர் பாலம் வேலணையோடு தொடுக்கிறது. காரைநகர் பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டோடு ஒட்டியிருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாதைப் படகு ஓடுகிறது. பேருந்தும் மீன் லொறியும் போகிற வழியில் நாய்க்கு மட்டும் தடையா? உண்மையில் கடலால் முற்றாகச் சூழப்பட்டவை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்ற நான்குதான். அங்கிருந்தும் குறிகாட்டுவானுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நாளும் படகுகள் வருகின்றன. சனத்தின் காலுக்குள் புகுந்து ஒரு நாய் படகேறுவதை மறித்து நிற்க யாரும் இல்லை. வலைக் குவியலுக்குள் படுத்த பூனையை வள்ளம் அக்கரை சேரும்வரை யாரும் காண்பதும் இல்லை.

கடலை வேலியென்று நம்புவதால் வரும் நட்டம் என்ன என்று பாருங்கள். இறங்குதுறைக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. தேடலில் முதலில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அடுத்த நாள் முதற்படகு கிளம்புமுன் படகுக்காரருக்கும், இறங்குதுறைத் தேநீர்க் கடைக்கும், குறிகாட்டுவானில் நிற்கும் பஸ் நடத்துநருக்கும் நாயின் நிறமும் காதின் வாகும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் பொறுத்திருந்து பிறகு சொன்னால், அதற்குள் எத்தனை படகு போய்விட்டது என்று யார் கணக்குப் பார்ப்பது?

2. கடல் ஒரு பிராணியைத் தீவுக்குள் நிறுத்தும் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அது உங்களிடம் வந்துவிடுமா? நெடுந்தீவின் குதிரைகளைப் பாருங்கள். போர்த்துக்கீசர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் கைவிடப்பட்ட பிராணிகளின் வழித்தோன்றல்கள் அவை. கடல் அவற்றைத் தீவுக்குள்தான் வைத்திருந்தது. ஆனால் லாயத்துக்கு எந்தக் குதிரையும் திரும்பவில்லை. மனிதக் கையை அறிந்திருந்த இனம் காட்டினமாகி, 2015 இல் அவற்றின் பொருட்டு நெடுந்தீவில் தேசிய பூங்கா பிரகடனம் செய்யும் நிலை வந்தது. வறட்சிக் காலத்தில் தண்ணீரில்லாமல் அவை செத்து விழுவதும் செய்தியாகிறது.

அவ்வளவு பின்னால் போகவும் தேவையில்லை. 1990 ஆவணியில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது சனம் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கையில் கிடைத்ததோடு வெளியேறியது. வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களுக்குத் தங்கள் மாடு படலையடியில் காத்து நிற்கவில்லை. பற்றைக்குள் ஆளைக் கண்டால் ஓடுகிற கட்டாக்காலிகள்தான் நின்றன. வீட்டு வாசலிலிருந்து அறுந்த பிராணிக்கு நாள் செல்லச் செல்ல மனிதப் பயம் கூடுகிறது. தீவு சிறியது என்பது இந்தப் பயத்தைக் குறைப்பதில்லை.

3. மோப்பம் பிடித்து வரும் என்கிறீர்கள். எதை மோப்பம் பிடித்து? செக் நாட்டில் 27 வேட்டை நாய்களுக்கு ஜி.பி.எஸ். பட்டி கட்டிக் காட்டுக்குள் விட்டு அவை திரும்பும் விதத்தைப் பதிவுசெய்தார்கள். ஆய்வு 2020 இல் வெளிவந்தது. பெரும்பாலான தடவைகளில் நாய்கள் தாங்கள் போன தடத்தையே பிடித்துத் திரும்பின. தடம் இல்லாவிட்டால் திரும்புவது கடினம். யாழ்ப்பாணத்திலிருந்து குட்டியாகப் படகில் வந்த நாய்க்கும், வானில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட நாய்க்கும் தரையில் தடமே கிடையாது. நயினாதீவு நாகபூசணி அம்மன் தேர்த் திருவிழாவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, ஆயிரக்கணக்கான கால்களுக்கு நடுவால் பாய்ந்தோடிய நாயின் தடத்தை அந்தக் கால்களே அழித்துவிடுகின்றன. செக் நாட்டு நாய்கள் பயிற்றப்பட்டவை, மிரளாதவை, எசமான் காட்டுக்குள்ளேயே நின்றவை. அவற்றின் திறமையை மிரண்டோடிய எங்கள் நாயின் தலையில் ஏற்றிவிட்டுப் படுக்கப் போவது நியாயமில்லை.

4. “தானாக வரும்” என்பதற்குக் காட்டப்படும் கணக்கே அதற்கு எதிரானது. அதே அமெரிக்க ஆய்வில் நாய்களின் பக்கத்தையும் வாசிக்க வேண்டும். திரும்பக் கிடைத்த நாய்களில் தாமாக வந்தவை ஐந்தில் ஒன்றுதான். ஏறக்குறைய பாதி, அதாவது 49 சதவீதம், அக்கம்பக்கத்தில் தேடியதால் கிடைத்தவை. எங்கள் ஊரில் பொறு என்ற அறிவுரை நாய்க்குத்தான் கூடுதலாகச் சொல்லப்படுகிறது.

பூனையின் கணக்கு வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஓரிரவு வெளியில் தங்கிய பூனையும் அந்த 59 சதவீதத்துக்குள் அடங்கியிருக்கலாம். உண்மையில் தொலைந்துபோன 1,210 பூனைகளைப் பற்றி அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் விசாரித்து 2018 இல் எழுதியது கடுமையான சித்திரம். முதல் ஏழு நாளில் மூன்றில் ஒன்று கிடைத்தது. ஒரு வருடம் கழிந்தும் 61 சதவீதம்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை மிகக் குறைவு. காலால் நடந்து தேடியவர்களுக்கே பூனை உயிரோடு கிடைக்கும் வாய்ப்புக் கூடியிருந்தது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீற்றருக்குள் கிடந்தன.

ஐந்நூறு மீற்றர்! அந்த வட்டத்தைப் புங்குடுதீவிலோ வேலணையிலோ வரைந்து பாருங்கள். அதற்குள் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்க, திறப்பு ஒரு சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். அவர் மாதத்தில் ஒருநாள் வந்து முற்றம் கூட்டிவிட்டுப் போவார். கூரையில் ஓடு சரிந்த ஓட்டை வழியே பூனை உள்ளே இறங்கிவிடும். சுவர் ஓரம் அடுக்கிய பழைய அலுமாரியில் குதித்து இறங்கலாம். வழுவழுத்த சீமெந்துச் சுவரைப் பிடித்து மேலேற வழியில்லை. கதவு வெளியால் பூட்டு. கத்தினாலும் கேட்க அந்த வளவில் ஆள் கிடையாது. கத்துவதும் இல்லை: பயந்த பூனை, சொந்தக்காரர் பத்தடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சத்தம் காட்டாது. பகைக்கு இடம் தெரியக்கூடாது என்பதே அதன் தற்காப்பு. வீட்டில் “பூனை வீடு மறக்காது” என்று பேசிக்கொண்டிருக்கும்போது, நாலு வளவு தள்ளி அது தாகத்தில் சாகிறது. வீட்டை அது மறக்கவில்லைதான். வர முடியவில்லை.

ஆகவே திறப்பு வைத்திருப்பவர்களிடம் போங்கள். ஒவ்வொரு பூட்டிய வீட்டையும் திறக்கச் சொல்லி, அடுக்களை, பத்தி, கோடிப்புறக் கொட்டில், காய்ந்த தண்ணீர்த் தொட்டி என்று பாருங்கள். வளவுகளில் பற்றை மூடிய, கட்டில்லாத கிணறுகள் இருக்கின்றன. பக்கத்தில் போகுமுன் தடியால் நிலத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, ரோச் லைற் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பாருங்கள். பனையோலை அடுக்கு, விறகுக் குவியல், மட்டை வேலியின் அடிப்பாகம், தாழம் பற்றை எதையும் விடக்கூடாது. பூனை தேட நல்ல நேரம் ஊரடங்கிய பின்சாமம். வெளிச்சம் பட்டால் கண் இரண்டும் மின்னும். பகலில் அதே பற்றையைப் பத்துத் தரம் கடந்தாலும் ஒன்றும் தெரியாது.

கோடையில் இன்னொரு கணக்கும் உண்டு. தீவுகளில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் இல்லை. பல கிணறு உவர். தொலைந்த நாய் எங்கே சுற்றினாலும் தண்ணீருக்கு வந்தாக வேண்டும். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணற்றடி, ஊர்தோறும் மாட்டுக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டி, கோயில் கேணி ஆகியவற்றின் ஈர மண்ணில் விடியற்காலையில் கால் தடம் பாருங்கள். முழுத்தீவையும் சுற்றுவதைவிட இது பயன் தரும்.

5. தேடுகிறோம் என்று சொல்பவர்களும் பெரும்பாலும் துரத்தத்தான் செய்கிறார்கள். பத்துப் பெடியள், ஐந்து மோட்டார் சைக்கிள், ஒழுங்கையெல்லாம் பெயர் சொல்லிக் கூச்சல். அன்பினால் செய்வதுதான், ஆனால் வீட்டு நாயின் இயல்புக்கும் மிரண்ட நாயின் இயல்புக்கும் உள்ள தூரத்தை அவர்கள் அறியவில்லை. மிரண்ட நாய், சோறு போட்ட கையைக்கூட அடையாளம் காணாமல் ஓடும். துரத்தினால் வெளியூருக்குப் போகும், இல்லையென்றால் வீதியில் வானுக்கு அடிபடும். கண்டால் கிட்டப் போகாதீர்கள். நிலத்தில் குந்தியிருங்கள், முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள், பொரித்த மீன் துண்டொன்றைப் பக்கத்தில் போட்டுவிட்டு, வழமையாக வீட்டில் பேசுகிற குரலில் தாழப் பேசுங்கள். அதற்கு மிகப் பழகிய ஒரே ஆள் இருந்தால் போதும். மற்றவர்கள் ஒழுங்கை முனைகளில் அசையாமல் நிற்கட்டும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் மணம் வடகிழக்காகப் போகும். நாய் அந்தப் பக்கம் பற்றைக்குள் கிடந்தால், நீங்கள் தென்மேற்கே நிற்பதும் வைப்பதும்தான் அதன் மூக்குக்கு எட்டும். வாடைக் காலத்தில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். உடுத்துக் களைந்த சாரமோ சட்டையோ துவைக்காமல் படலையில் தொங்கட்டும். இது எந்தக் கடற்றொழிலாளிக்கும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. காற்றுப் பார்த்து வலை போடுகிறவர்கள் நாயைத் தேடும்போது மட்டும் காற்றை மறப்பது ஏன்?

கேட்க வேண்டிய ஆட்களையும் நாங்கள் கேட்பதில்லை. முகநூலில் படத்தைப் போட்டால் கனடாவிலிருந்து நூறு பேர் கவலை தெரிவிப்பார்கள். நாயைக் காணக்கூடியவர் அதிகாலையிலும் பின்னேரமும் பனை ஏறும் சீவல் தொழிலாளி. வட்டுக்குள் இருந்து பார்த்தால் பனங்கூடல் முழுவதும் அவர் கண்ணில் விழும். ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் பாண்காரர், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர், மாடு சாய்க்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் மாணவர்கள் ஆகியோரிடம் முகம் பார்த்துச் சொல்லிவைக்க வேண்டும். சனசமூக நிலையப் பலகையில் படமும் தொலைபேசி இலக்கமும் ஒட்டப்பட வேண்டும். கோயில் ஒலிபெருக்கியிலும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு தேவாலயத்திலும் ஓர் அறிவித்தல் கேட்டுப் பெறலாம்.

சாத்திரியிடம் போவதையும் மை போட்டுப் பார்ப்பதையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்பிக்கை உள்ளவர் அம்மனுக்கு நேர்த்தி வைக்கட்டும், அந்தோனியாரை மன்றாடட்டும். ஆனால் “வடக்கே நிற்கிறது, ஏழு நாளில் வரும்” என்ற வாக்கு, தேடலின் பெறுமதியான முதல் வாரத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் அந்த வாரத்தின் விலை என்ன என்று பார்த்தோம்.

6. “மனிசரையே தேடிக் கண்டுபிடிக்க ஏலாத நாட்டில் நாயைத் தேடுறியோ?” இதுதான் எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு. இதைச் சொல்பவர்களுக்குச் சொல்ல உரிமையும் இருக்கிறது. 1985 வைகாசி 15 இல் குமுதினிப் படகுப் படுகொலையில் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் வாழும் தீவு நெடுந்தீவு. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஆவணி 20 இல் காணாமற்போனார். 2017 மாசி 20 இல் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரம் அமர்ந்த தாய்மார் இன்றும் பதில் பெறவில்லை. இந்த இழப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாயை வைத்துப் பேச நான் வரவில்லை. அவற்றுக்கு ஒப்பு இல்லை.

ஆனால் எதிர்ப்பின் தர்க்கத்தைப் பாருங்கள். பெரிய இழப்பு ஒன்று தீராமல் இருப்பதால் சிறிய இழப்பைத் தேடக்கூடாது என்றால், மறியாடு தொலைந்தால் ஏன் வயலெல்லாம் அலைகிறோம்? கடலில் அள்ளுண்ட வள்ளத்தைத் தேடி ஏன் நாலு படகு புறப்படுகிறது? அங்கெல்லாம் எவரும் இந்த வார்த்தையைச் சொல்வதில்லை. நாய்க்கு மட்டும் சொல்லப்படுவதால், அது துயரத்தின் வாதமல்ல, நாயின் மதிப்பைப் பற்றிய முடிவு. அதைத் துயரத்தின் பெயரால் சொல்லக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு ஆண்டுக்கணக்காக எது சொல்லப்பட்டது? பொறுங்கள், வருவார்கள், எங்காவது இருப்பார்கள், அலுவலகத்தில் பதிந்திருக்கிறது என்றுதான். அந்தத் தாய்மார் அதை ஏற்கவில்லை. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக, ஆணைக்குழு ஆணைக்குழுவாகத் தாங்களே போய்க் கேட்டார்கள். பொறு என்ற சொல் தேடலை நிறுத்துவதற்கே பயன்பட்டது என்பதை இந்த மண்ணில் அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்களின் துயரத்தை எடுத்து, “பேசாமல் இரு” என்று இன்னொருவருக்குச் சொல்லும் நியாயமாக்குவது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

7. “இன்னொரு குட்டி எடுத்து விடலாம்.” யாருக்கு? பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்து போன பிறகு பெரிய வளவொன்றில் தனியே இருக்கிற எழுபது வயது அம்மாவுக்கா? இரவில் படலை அசைந்தால் குரைப்பது அந்த நாய். அவர் சொல்லைப் பகலில் கேட்பதும் அதுதான். புதுக்குட்டி ஒரு வருடம் கழித்துக் காவல் நிற்கலாம். அந்த ஒரு வருடம் அவர் எப்படி இருப்பார் என்று கேட்டவர்களை நான் காணவில்லை.

8. கடைசி மறுப்பு, நாயை வெறுப்பவர்களுக்கும் உரியது. தேடாமல் விட்ட நாய் மறைந்துவிடுவதில்லை. கட்டாக்காலிக் கூட்டத்தோடு சேர்கிறது, இறைச்சிக் கழிவில் பசியாறுகிறது, ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிறது, அடுத்த வருடத் தடுப்பூசியைத் தவறவிடுகிறது. இலங்கையில் 1973 இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை பல மடங்கு இறங்கியிருப்பதற்கு நாய்களுக்கு ஒழுங்காகப் போட்ட தடுப்பூசி பெரும் காரணம். வீடிழந்த ஒவ்வொரு நாயும் அந்த ஒழுங்கிலிருந்து நழுவுகிறது. கடிபட்டவர் முதற்படகு பிடித்து ஊசிக்கு ஓட வேண்டிய தீவில் இது சின்ன விடயம் அல்ல.

நாயைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்தே இருக்கிறது. கழுத்தில் அடையாளத்தோடு திரியும் வீட்டு நாயை எங்கள் ஒழுங்கைகளில் காண்பது அரிது. அமெரிக்க ஆய்வில் திரும்பக் கிடைத்த நாய்களில் 15 சதவீதம் கழுத்துப் பட்டியின் தகட்டாலோ தோலுக்கடியில் வைக்கும் சில்லினாலோ வீடு சேர்ந்தவை. வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு பிரதேச சபைகள், விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற நாளில் அதே மேசையில் ஒரு நாடாப் பட்டியும் அழியாத மை பேனாவும் வைக்கட்டும். வீட்டுக்காரர் தொலைபேசி இலக்கத்தைச் சொல்ல, ஊசி போட்ட கையோடு எழுதிக் கட்டி அனுப்பலாம். குறிகாட்டுவானிலும் நெடுந்தீவு, நயினாதீவு இறங்குதுறைகளிலும் காணாமற்போன பிராணிகளுக்கென்று துறைக்கொரு பலகை தொங்கட்டும். இதற்கு நன்கொடையாளர் வர வேண்டியதில்லை, அடுத்த சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும்.